பூ இல்லாத அத்தப்பூ

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் இசக்கிசெல்விக்குக் கொடுத்திருந்த வேலை மிகவும் சுலபமானது. பூ கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா தாணுமாலயனுக்குத் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் பூக்கடை. தோவாளையிலிருந்து தினமும் அங்கே மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும். ஓணம் நெருங்கிவிட்டால் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணே வகுப்பில் இருக்கும்போது பூவுக்கு என்ன கவலை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ஓணக் கொண்டாட்டம். ஒவ்வொரு வகுப்பும் பெரிய ஹாலில் ஓர் அத்தப்பூ போட வேண்டும். தரையில் வட்டம் வரைந்து, அதைப் பூவிதழ்களாலும் இலைகளாலும் நிரப்பும் கோலம்தான் அத்தப்பூ. திருவனந்தபுரத்தில் ஓணம் வந்தால் வீட்டு வாசல், வங்கி வாசல், பஸ் டிப்போ வாசல் என்று ஒன்றையும் விடமாட்டார்கள்.

இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஏழாம் வகுப்புக்குக் கதகளி வந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் படகுப் போட்டி வந்தது. ஆறு 'பி'க்கு வந்த சீட்டில் 'டைனோசர் காலத்து உலகம்' என்று எழுதியிருந்தது.

"அடிபொளி!" என்று கத்திக்கொண்டு சுஜித் பெஞ்சின் மேல் ஏறினான். ராஜமணி டீச்சர் ஒரு பார்வை பார்த்ததும் இறங்கினான்.

வகுப்பிலேயே நன்றாக வரைபவள் ஸ்ரீலட்சுமி. இரண்டே நாளில் அவள் படத்தை வரைந்து முடித்துவிட்டாள். நடுவில் நீளக் கழுத்து டைனோசர். அதன் காலடியில் புல்வெளி. சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு, ஊதாப் பூக்கள். ஓரத்தில் இரண்டு தென்னை மரங்கள். டைனோசரின் வாயில்கூட ஒரு செம்பருத்தி இருந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். செல்வியும் தட்டினாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த வகை டைனோசர் கழுத்தை நேராகத் தூக்குமா, சாய்த்து வைத்திருக்குமா? அதைப் பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பள்ளி நூலகத்துக்குப் போனாள். பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அட்டை கிழிந்த ஒரு பெரிய புத்தகம் கிடைத்தது. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உலகம் அதில் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. அப்போது பூமி இப்போதைவிடச் சூடாக இருந்ததாம். துருவங்களில்கூடப் பனிப்பாறைகள் இல்லையாம். நம் தென்னிந்தியாவும் மடகாஸ்கர் தீவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தனவாம். நீளக் கழுத்து டைனோசர்கள் கூட்டம் கூட்டமாக இலை தின்றனவாம்.

அடுத்த வரியைப் படித்த செல்வி அதை இன்னொரு முறை படித்தாள். பிறகு விரலை வைத்து மூன்றாவது முறை படித்தாள்.

'அந்தக் காட்டில் பூக்களே இல்லை. புல்லும் இல்லை. பூக்கும் செடிகள் உலகில் பரவியது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான்.'

ரோஜா இல்லை, மல்லிகை இல்லை, கேந்தி என்கிற செண்டுமல்லியும் இல்லை. தென்னைகூடப் பூக்கிற மரம்தான். அதுவும் இல்லை. பூவே இல்லாத ஓர் உலகம். அப்பா அங்கே கடை வைத்திருந்தால் காலையிலிருந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அவள் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

"பூ இல்லையா?" என்று ஸ்ரீலட்சுமி கேட்டாள்.

"இல்ல."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. புல்லும் கிடையாது. உன் தென்னையும் கிடையாது."

ஸ்ரீலட்சுமி தன் படத்தைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். ஸ்ரீலட்சுமியின் மூக்கு சிவந்துவிட்டது.

"எடி செல்வி, இது அத்தப்பூப் போட்டி. பூ இல்லாம எங்கனெ போடுவே?" என்றான் சுஜித். "அதுவும் நீ பூக்கடைக்காரர் மகள். நீயே பூ வேண்டாம்னு சொல்றே!"

"இலைய வச்சுப் போடலாம். அப்போ இருந்த செடியெல்லாம் இப்பவும் இருக்கு. பெரணி இருக்கு, பாசி இருக்கு."

"பாசியா? எல்லாரும் கலர் கலரா போடுவாங்க. நாம பாசிய வச்சுட்டு நிக்கணுமா? போன வருஷம் நாமதான் கடைசி, ஓர்மை இருக்கா? பூ இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியப் போகுது?"

சுஜித் சொன்னதில் உண்மை இருந்தது. பரிசு கொடுப்பவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க வந்து பாப்பாங்கல்லா?" என்றாள். "அதுங்க நாம என்ன போட்டாலும் அப்படியே நம்பிரும். டைனோசர் செம்பருத்தி தின்னுச்சுன்னு வீட்டுல போய்ச் சொல்லும். எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம் என்னால போட முடியாது."

செல்விக்குப் பிடிவாதம் அதிகம். அவளுடைய அம்மா இதை எப்போதும் குறையாகத்தான் சொல்வாள். ஆனால் இது வேறு விதமான பிடிவாதம் என்று ராஜமணி டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. அவர் மேசை டிராயரிலிருந்து போட்டி விதிகள் அச்சிட்ட தாளை எடுத்துப் பார்த்தார்.

"வர்ணப் பொடி கூடாது. பேப்பர், பிளாஸ்டிக் கூடாது. செடியிலேருந்து கிடைக்கிறது எது வேணும்னாலும் வைக்கலாம்னு போட்டிருக்கு. இலையும் செடியில்தானே இருக்கு?" என்றார். "ஆனா வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள எல்லாம் சேரணும். சேரலைன்னா பூதான். சம்மதமா?"

"சம்மதம் டீச்சர்," என்றாள் செல்வி.

மற்றவர்கள் அரைமனதாகத் தலையாட்டினார்கள்.

அன்று மாலை இன்னொரு சங்கடம் காத்திருந்தது. அவள் கடைக்குப் போனபோது அப்பா ஒரு புது மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா மக்ளே! ஆரஞ்சுக் கேந்தி. உங்க கிளாஸுக்குன்னே தோவாளையில சொல்லி வச்சேன். உன் ஸ்கூல்ல எல்லாரும் கண்ண விரிச்சுப் பாக்கணும், கேட்டியா?"

செல்வி பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பதினைந்து கோடி ஆண்டு, பூ இல்லாத காடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லாம்.

அப்பா கேட்டுக்கொண்டே மூட்டையின் வாயைக் கட்டினார்.

"அப்ப பூ வேண்டாம்," என்றார்.

"வேண்டாம்ப்பா."

"சரி."

அந்தச் 'சரி'யில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. செல்விக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கடையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஈரச் சாக்கில் சுற்றி இலைக்கட்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பொக்கே கட்டும்போது பூவுக்குப் பின்னால் வைக்கும் இலைகள் அவை.

செல்வி அருகில் போய் ஒன்றை உருவினாள். சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பிரிந்த இலை. பெரணி!

"அப்பா! இந்த நீள ஓலை என்னது?"

"அது ஈந்தோலை. பந்தல் வாசல்ல கட்டுவாங்க."

செல்வி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். அதே ஓலை படத்தில் இருந்தது. சைக்கஸ் என்று பெயர் போட்டிருந்தது. பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை இல்லை. பூக்காது. டைனோசர்களுக்கும் முந்தைய குடும்பம்.

"அப்பா, உங்க கடையில டைனோசர் காலத்துச் சரக்கு இருக்கு!"

தாணுமாலயன் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இத நான் ஓசியில சேத்துக் குடுக்கேன்," என்றார். "இதுக்கு இவ்வளவு வயசா?"

அவர் இரண்டு கட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். கேந்தி மூட்டையைப் பற்றி அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. அது செல்வியின் மனதில் முள்ளாக நின்றது.

புதன்கிழமை காலை செல்வி அந்த இலைகளை ஸ்ரீலட்சுமியின் மேசையில் பரப்பினாள். மதில் ஓரத்தில் சுரண்டிய பாசியையும் கொஞ்சம் வைத்தாள். ஸ்ரீலட்சுமி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வரைகிறவர்களின் கண் சும்மா இருக்காது.

"எல்லாம் பச்சை," என்றாள்.

"எத்தனை பச்சைன்னு எண்ணு."

ஸ்ரீலட்சுமி எண்ணினாள். கரும்பச்சை, கிளிப்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, சாம்பல் கலந்த பச்சை. அப்படியே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டைனோசருக்கு வேற நிறம் வேணும்," என்றாள் சிறிது நேரம் கழித்து. "தவிட்டு நிறம். ஒரு ஆறும் வேணும். வெள்ளையா."

அவள் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்புவதைப் பார்த்தபோதுதான் செல்விக்கு உயிர் வந்தது.

வெள்ளை நிறத்தைக் கொண்டுவந்தவள் அதே வகுப்புச் சிஜி. அவளுடைய மாமனுக்குக் கல்லாறு என்ற ஊரில் ஒரு சின்னக் கடையும் அதற்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்களும் உண்டு. அந்த மரங்களுக்கு அடியில் முழுக்கப் பெரணிதான். வியாழக்கிழமை காலை சிஜி இரண்டு சாக்குகளோடு வந்து இறங்கினாள்.

"களை வெட்ட ஆள் கிடைக்கலைன்னு மாமன் சங்கடமா இருந்தாரு. எத்தனை வேணும்னாலும் கொண்டுபோன்னு சொல்லிட்டாரு," என்றாள். "இத பாரு."

ஓர் இலையை எடுத்துத் தன் புறங்கையில் வைத்துப் பட்டென்று அடித்தாள். இலையை எடுத்ததும் கையில் வெள்ளையாக அதன் அச்சு விழுந்திருந்தது. அந்தப் பெரணி இலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவு பூசியது போல் இருந்தது.

"ஆறு கிடைச்சாச்சு!" என்றாள் ஸ்ரீலட்சுமி. இலைகளைத் திருப்பிப் போட்டால் போதும். அடுத்த ஐந்து நிமிடத்தில் வகுப்பில் எல்லாருடைய கையிலும் வெள்ளைப் பெரணி முளைத்திருந்தது.

மற்றொரு சாக்கில் இளம் பெரணித் தளிர்கள் செம்பு நிறத்தில் சுருண்டு கிடந்தன. இனி டைனோசருக்குத்தான் தவிட்டு நிறம் வேண்டும்.

சுஜித் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தான். கொஞ்சம் திமிரோடு ஒரு பெரிய பையைக் கவிழ்த்தான். ஊசி ஊசியான காய்ந்த இலைகள் கொட்டின.

"பைன் மரம். சங்குமுகம் கடற்கரையிலேருந்து பொறுக்கினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

செல்வி ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தாள். அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"இது பைன் இல்ல சுஜித். காற்றாடி மரம். சவுக்குன்னும் சொல்லுவாங்க. பாக்க அப்படித்தான் இருக்கும். ஆனா இது பூக்கும். ரொம்பச் சின்னப் பூ."

"யாரு பாத்தா அந்தப் பூவ?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"நீயும் உன் புத்தகமும்!" சுஜித்தின் குரல் உடைந்தது. "நான் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு பொறுக்கியிருக்கேன். எல்லாத்துக்கும் 'இல்ல இல்ல'ன்னே சொல்லு!"

அவன் பையை உதைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

செல்வி அவன் பின்னாலேயே போனாள். சும்மா பக்கத்தில் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேரம் குனிஞ்சு பொறுக்க என்னால முடியாது," என்றாள் கடைசியில். "எனக்கு அரை மணி நேரத்துல கால் மரத்துப் போகும்."

சுஜித் நகரவில்லை. கூரையிலிருந்து சொட்டிய நீரில் கையை நீட்டினான்.

"அப்போ எந்த மரம்தான் உன் லிஸ்டுல இருக்கு?" என்று கேட்டான்.

செல்வி புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அடுக்கடுக்காகக் குடை விரித்தது மாதிரி நிற்கும் ஒரு மரம். அந்தக் காலத்துக் காடுகளில் அதன் சொந்தக்கார மரங்கள்தான் உயரமாக நின்றனவாம்.

சுஜித் கண்ணைச் சுருக்கினான். "எடி, இது கிறிஸ்துமஸ் மரமல்லே! எங்கம்மா வேலைக்குப் போற வீட்டு முற்றத்துல ரெண்டு நிக்குது. தினமும் காய்ஞ்ச குச்சியா கொட்டும். பெருக்கிப் பெருக்கி அம்மாவுக்கு இடுப்பு ஒடியுது."

"என்ன நிறம்?"

"தவிடு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குச் சுஜித் தலையில் ஒரு சாக்கை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நுழைந்தான். ராஜமணி டீச்சர் வாட்சைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஹால் முழுக்கப் பூ வாசம். ஏழாம் வகுப்பின் கதகளி முகம் சிவப்பும் பச்சையுமாக ஜொலித்தது. ஐந்தாம் வகுப்பின் படகு வாடாமல்லி ஆற்றில் மிதந்தது. அவற்றுக்கு நடுவில் ஆறு 'பி'யின் வட்டத்தில் மட்டும் ஒரு காடு மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பாசித் தரை. ஈந்தோலை மரங்கள். செம்பு நிறப் புதர்கள். வெள்ளையாக வளைந்து ஓடும் ஆறு. அதன் கரையில் ஒவ்வொரு குச்சியாக அடுக்கிச் செய்த நீளக் கழுத்து டைனோசர். அதற்குக் கண்ணாக ஓர் ஈந்தங்காய். பக்கத்தில் ஓர் அட்டையில் 'பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதி வைத்தார்கள்.

"கொள்ளாம்! நல்லாவே இருக்கு!" என்றான் சுஜித். அவனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தான்.

பத்து மணிக்கு வெங்கடசுப்ரமணியன் சார் வந்தார். கணக்கு வாத்தியார். போட்டி விதிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கையில் அதே விதித் தாள். வட்டத்தைச் சுற்றி வந்தவர் நின்றார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நன்னாருக்கு. ஆனா பூ எங்கே?"

"பூ இல்ல சார். அந்தக் காலத்துல பூவே கிடையாது," என்றாள் செல்வி.

"அது சரிம்மா. ஆனா விதி இருக்கே." அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒற்றை வரி இருந்தது. 'கோலத்தில் பூ இடம்பெற வேண்டும்.' "பத்தரைக்கு ஜட்ஜஸ் வருவா. பூ இல்லேன்னா போட்டியில சேக்க முடியாது. நான் ஒரு கிளாஸுக்கு மட்டும் விதிய மாத்தினா மத்தவா கேக்க மாட்டாளா?"

ராஜமணி டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் பின்பக்கம் பாக்கவே இல்லையே!"

எல்லாருடைய கண்களும் செல்வியின் மேல் திரும்பின. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் கேந்தி மிச்சம் இருந்தது. யாரோ ஒரு கூடையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். "சுற்றிலும் தூவிரலாம். அஞ்சு நிமிஷ வேலை," என்றது ஒரு குரல்.

ஸ்ரீலட்சுமி கூடைக்குள் கை விட்டாள். செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் குடு. ஸ்ரீ, பத்தே நிமிஷம்."

ஸ்ரீலட்சுமி தயங்கினாள். தன் காட்டைப் பார்த்தாள். பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேல் யாரும் கை வைக்காதபடி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

செல்வி புத்தகத்தைப் பிரித்தாள். பதினைந்து கோடி ஆண்டு. பூ இல்லை. அந்தப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. அப்படியானால் முதல் பூ எப்போது வந்தது? அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு அடுத்ததையும் திருப்பினாள்.

அங்கே இருந்தது. சுமார் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தனவாம். காடு அப்போதும் பெரணியும் சைக்கஸுமாகவே இருந்ததாம். நீளக் கழுத்து டைனோசர்களும் இருந்தன. அந்தப் பழைய பூக்களில், இன்றைய செண்பகத்தின் தூரத்துச் சொந்தங்களும் உண்டு என்று எழுதியிருந்தது.

"சுஜித், அந்த அட்டைய மாத்து. பதினைஞ்சு கோடிய அடிச்சிட்டுப் பதினோரு கோடின்னு எழுது. டீச்சர், உங்க போனக் கொஞ்சம் தருவீங்களா?"

அப்பாவின் கடையில் சந்தை இரைச்சல்.

"சொல்லு மக்ளே!"

"அப்பா, பூ வேணும்ப்பா. செண்பகம்."

"ஆங்! வேணுமா?" அப்பாவின் குரல் துள்ளியது. "எத்தனை கிலோ?"

"ஒண்ணு."

"ஒரு கிலோதானா?"

"கிலோ இல்லப்பா. ஒரு பூ."



"லைன் சரியில்ல மக்ளே. ஒரு பூன்னு கேக்குது."

"ஒரு பூதான்ப்பா. ஒரே ஒரு பூ. பத்தரைக்குள்ள வரணும்."

ஓணச் சந்தையில் வருடத்திலேயே மிகப் பெரிய கூட்டம் அன்றுதான். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு பூவுக்காக யாராவது வருவார்களா? செல்வி வாசலிலேயே நின்றாள். பத்து இருபது ஆயிற்று. பத்து இருபத்திரண்டு ஆயிற்று.

சைக்கிளில் ஒருவர் வந்தார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் இலைப்பொதி ஒன்றை ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க. தாணுமாலயன்தான்.

"நேரமாயிட்டா? கிலோன்னா அள்ளிப் போட்டுட்டு வந்திருப்பேன். ஒண்ணுன்னு சொல்லிட்டியே! கூடை முழுக்கக் கொட்டித் தேடினேன். ஒண்ணப் பாத்தா ஒண்ணு நல்லா இருக்கு. என்ன செய்ய?"

அவர் இலையைப் பிரித்தார். வெளிர் மஞ்சளில் ஒரு செண்பகம், அப்போதுதான் விரிந்தது போல் இருந்தது. ஓர் இதழிலும் கசங்கல் இல்லை.

"நீங்களே வைங்கப்பா."

"நானா? சே, நான் எதுக்கு?"

"எங்க வைக்கணும்னு நான் சொல்றேன். நீங்க வைங்க."

தாணுமாலயன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறு 'பி'யின் காட்டு ஓரத்தில் முழங்காலிட்டார். வெள்ளை ஆறு வளையும் இடத்தில், பாசியின் மேல், அந்தப் பூவை வைத்தார்.

ஹாலில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பார்த்த கண் அங்கேதான் போய் நின்றது.

வெங்கடசுப்ரமணியன் சார் தாளை எடுத்து ஒருமுறை படித்தார். "பூ இடம்பெற வேண்டும்னு இருக்கு. எத்தனைன்னு போடலை," என்று சொல்லிவிட்டு அவர்கள் பெயருக்கு நேராக டிக் போட்டார். அவருடைய புறங்கையில் ஒரு வெள்ளைப் பெரணி அச்சு இருந்தது. அதை யார் அடித்துவிட்டது என்று கடைசிவரை தெரியவில்லை.

பரிசு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மத்தியானம் அறிவித்தார்கள். முதல் பரிசு கதகளிக்கு. அது நியாயம்தான், அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆறு 'பி'க்கு இரண்டாம் பரிசு. சுஜித் மறுபடியும் பெஞ்சின் மேல் ஏறினான். இந்த முறை டீச்சர் பார்க்கவில்லை.

ஆனால் பரிசுக்கு முன்னால் நடந்ததுதான் செல்விக்குப் பெரிது.

ஜட்ஜுகள் நகர்ந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார்கள். மற்ற வட்டங்களை ஓடி ஓடிப் பார்த்தவர்கள் காட்டைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். டைனோசரை எண்ணினார்கள். மரங்களை எண்ணினார்கள். பூவையும் எண்ணினார்கள். ஒன்று.

தாணுமாலயன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை லோடு பூ இறக்கியிருக்கேன்," என்று செல்வியிடம் மெல்லச் சொன்னார். "ஒரு பூவ இத்தனை பேரு உக்காந்து பாத்து நான் கண்டதில்ல, கேட்டியா?"

அப்போது முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இந்தப் பூ ஏன் தனியா இருக்கு?"

செல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா அந்தச் சிறுமியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். கடையும் கூட்டமும் அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தன.

"இது முதல்ல வந்துட்டு மக்ளே," என்றார். "மத்ததெல்லாம் இனிமேதான் வரும்."